மெஷின் பாட்டுக்கு ஏன் கண் கலங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் போதும், யாராவது ஒருவர் வந்து வாசல்படியில் நிற்பார். "என்னப்பா இது, மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு?" என்று ஆரம்பிக்கும். சித்தப்பா, ஆபீஸ் நண்பர்கள், கல்லூரியில் படிக்கும் அக்கா பையன் என்று ஆள்தான் மாறுகிறதே தவிர கேள்வி மாறுவதில்லை. வாட்ஸப்பில் தனித்தனியாகப் பதில் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

"எலக்ட்ரானிக் மியூசிக்னா கல்யாணத்துல டிஜே போடுறதுதானே?"

கல்யாண டிஜே ஏற்கெனவே இருக்கும் பாட்டுகளை ஒன்றோடு ஒன்று இடறாமல் ஒட்டி ஓட்டுகிறார். அதுவும் ஒரு கைவேலைதான், குறை சொல்லவில்லை. நான் இங்கே பேசுவது சத்தத்தையே மின்சாரத்தில் உண்டாக்கி, வெட்டி ஒட்டிப் பாட்டாக்குகிறவர்களைப் பற்றி. சத்தத்தை உண்டாக்கும் சின்தசைசர், தாளம் போடும் டிரம் மெஷின், பதிந்த சத்தத்தை எடுத்து வாசிக்கும் சாம்ப்ளர் என்று ஒரு அறை நிறைய இருந்த சாமான்கள் இப்போது ஒரு லேப்டாப்புக்குள் அடங்கிவிட்டன.

இது நேற்று முளைத்ததும் இல்லை. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்துக் கிராஃப்ட்வெர்க் குழு, நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் போகும் அனுபவத்தை 1974இல் 22 நிமிடப் பாட்டாகச் செய்துவிட்டது. டெக்னோ, ஹவுஸ், டிரான்ஸ், டப்ஸ்டெப் என்ற பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். தோசையில் எத்தனை வகை என்று தெரிந்துகொண்டா சாப்பிட ஆரம்பித்தோம்?

"மெஷினுக்கு உணர்ச்சி கிடையாது. அப்புறம் அதுலேருந்து வர்ற பாட்டுக்கு மட்டும் எப்படி வரும்?"

வீணைக்கும் உணர்ச்சி கிடையாது. அது பலாமரம். அதை மீட்டுகிறவருக்கு இருக்கிறது, கேட்கிறவருக்கு இருக்கிறது. புதிதாக ஒரு கருவி வரும்போதெல்லாம் இதே வழக்கு நடக்கும். ஹார்மோனியத்தில் கமகம் வராது, அது நம் இசைக்கு ஒட்டாது என்று அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்து, முப்பது வருடத்துக்கு மேல் உள்ளே விடாமல் வைத்திருந்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டியை வெளியிட்டது. தனியாகக் கிட்டார் வாசிப்பவருக்குப் பின்னால் பேஸ் கிட்டார் (அடிச்சுரம் வாசிக்கும் கிட்டார்) வாசித்துத் துணை போவதுதான் அதற்குக் கொடுத்த வேலை. ஆனால் அதன் சத்தம் பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை. 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமானாக மலிவு விலைக்கு வந்த அந்தப் பெட்டியைச் சிகாகோ இளைஞர்கள் சிலர் வாங்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். கெஞ்சுவது போல, முனகுவது போல, கோபத்தில் பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. 1987இல் அது இசைத்தட்டில் வெளிவந்து, ஆசிட் ஹவுஸ் என்ற ஒரு வகையே பிறந்தது. அந்தப் பெட்டிக்குள் இப்படி ஒரு குரல் இருப்பது அதைச் செய்தவர்களுக்கே தெரியாது.

"லேப்டாப் முன்னாடி நின்னு கையை ஆட்டுறதுக்கு ஆயிரக்கணக்குல டிக்கெட்டா? பட்டன் அமுக்கினா பாட்டு வந்துடுமே?"

இதில் பாதி உண்மை. பெரிய விழாக்களில் எல்லாவற்றையும் முன்பே தயாரித்து வைத்துக்கொண்டு, மேடையில் கையை மட்டும் ஆட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் நானும் இதில் கை வைத்துப் பார்த்தேன். முழுப் பாட்டை விடுங்கள், ஒரே ஒரு 'தும்'. பாட்டு நெடுக அடிக்கும் அந்தக் கிக் சத்தம். அதற்குத் தலை, உடம்பு, வால் என்று மூன்று பாகம். தலையில் ஒரு சின்ன 'டிக்' இல்லாவிட்டால் மற்ற சத்தங்களுக்குள் அது மூழ்கிவிடும். வால் நீண்டால் அடுத்த தட்டின்மேல் போய் விழும். வாலின் சுருதி பாட்டின் சுருதியோடு சேராவிட்டால் எல்லாம் சேற்றில் நடப்பது போலக் கேட்கும். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தும் எனக்குப் பிடித்த 'தும்' வரவில்லை. பட்டன் அங்கேயேதான் இருந்தது, அமுக்கிக்கொண்டும்தான் இருந்தேன்.

லண்டன்காரர் பெரியல் 2007இல் வெளியிட்ட 'அன்ட்ரூ' தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். தாளத்தைக் கட்டம் போட்டு வரிசையாக அடுக்கித் தரும் மென்பொருளை அவர் பயன்படுத்தவில்லை. சத்தத்தின் அலை வடிவத்தைத் திரையில் பார்த்து, கண்ணளவில் வெட்டி வைத்தார். அதனால் தாளம் ஒரு மயிரிழை முன்னே பின்னே விழுகிறது. மழைச் சத்தம், பழைய இசைத்தட்டின் கரகரப்பு, எங்கிருந்தோ எடுத்த ஒரு பாடகியின் குரல் துண்டு. நடுராத்திரி கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுத் தெருவில் நிற்கும் உணர்வு அப்படியே வரும்.

"வார்த்தையே இல்லாத பாட்டுக்கு எப்படி அழுகை வரும்? சும்மா சொல்லாதீங்க."

நாதஸ்வரத்துக்கு வரும் என்றால் இதற்கும் வரும். ஆனால் இதில் சில தனி வேலைப்பாடுகள் உண்டு. முதலாவது, காக்கவைப்பது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், தாளம் நெருக்கமாகும், அடியில் இருந்த பேஸ் காணாமல் போகும். தரை கழன்ற மாதிரி இருக்கும். 'இப்போ வரும், இப்போ வரும்' என்று மனசு முன்னால் ஓடும்போது ஒரு நொடி அமைதி. அப்புறம் எல்லாம் சேர்ந்து விழும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாட்டுக்கு மயிர்க்கூச்செறிபவர்களை அவரவருக்குப் பிடித்த, சொற்களற்ற இசையைக் கேட்கவைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். உச்சம் வரும்போது மட்டுமில்லை, அது வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையின் வேறொரு பகுதியில் டோபமைன் என்ற இன்ப ரசாயனம் சுரக்கிறது என்று தெரிந்தது. திருவிழாவைவிட அதற்கு முந்தைய ராத்திரி இனிப்பதன் காரணம் இதுதானோ என்னவோ.

இரண்டாவது, மூச்சு. ஒவ்வொரு 'தும்' விழும்போதும் மற்ற எல்லாச் சத்தமும் ஒரு கணம் தணிந்து, மறுபடி எழும்படி அமைப்பார்கள். சைடுசெயின் என்று பெயர். கிக்குக்கு இடம் விடுவதற்காக வந்த தொழில்நுட்ப ஏற்பாடுதான். ஆனால் காதுக்கு அது நெஞ்சு ஏறி இறங்குவது போல இருக்கிறது. கண்ணை மூடிக் கேட்டால் யாரோ பக்கத்தில் படுத்து மூச்சு விடுகிற மாதிரி.

"நீங்க எப்பப் பார்த்தாலும் சொல்ற அந்த 'ஷெல்ட்டர்' என்ன? யாரு அந்த ரெண்டு பேரு?"

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும். ஒருவர் போர்ட்டர் ராபின்சன், 1992இல் பிறந்தவர், அமெரிக்காவின் வட கரோலினாவில் சாப்பல் ஹில் என்ற ஊரில் வளர்ந்தவர். இன்னொருவர் மேடியான், சொந்தப் பெயர் ஹ்யூகோ லெக்லெர்க், பிரான்சின் நாந்த் நகரத்துக்காரர், இரண்டு வயது இளையவர். நடுவில் அட்லாண்டிக் கடல். இணையத்தில் பாட்டுத் தயாரிக்கும் பொடியன்கள் கூடும் ஒரு மன்றத்தில், மீசை முளைக்காத வயதில், இருவருக்கும் பழக்கம். அவனவன் படுக்கையறையில் செய்ததைப் போட்டு மற்றவன் கருத்துக் கேட்பது. நேரில் பார்த்துக்கொண்டதெல்லாம் ரொம்பப் பின்னால்.

பிறகு இருவருமே தனித்தனியாகப் பெரிய ஆளானார்கள். மேடியான் 2011இல் ஒரு வீடியோ போட்டார். அப்போது வயது 17. 64 சதுரப் பட்டன்கள் கொண்ட ஒரு பலகை, அதன்மேல் ஓடும் இரண்டு கைகள். மூன்றரை நிமிடத்தில் 39 பாட்டுகளின் துண்டுகளைக் கோத்து ஒரே பாட்டாக்குகிறார். உலகம் முழுக்கப் பரவியது. பட்டன் அமுக்குவதைப் பற்றிக் கேட்டவர்கள் அதை ஒருமுறை பார்க்கலாம். போர்ட்டர் 18 வயதில் ஆட்டம் போடவைக்கும் பாட்டுகளால் பெயர் வாங்கி, அந்த வகைக்குள் மூச்சு முட்டி, 2014இல் 'வேர்ல்ட்ஸ்' என்ற தொகுப்பில் வேறு திசைக்கே திரும்பினார்.

2016 ஆகஸ்டில் இருவரும் சேர்ந்து வெளியிட்ட பாட்டு 'ஷெல்ட்டர்', அதாவது 'அடைக்கலம்'. ஆட்ட மேடைப் பாட்டுகள் வழக்கமாக நிமிடத்துக்கு 128 தட்டு ஓடும். இது சுமார் 100தான், நடந்து போகிற வேகம். நீ கட்டித் தந்த வீட்டை விட்டுவிட்டு வந்தேன், ஆனால் அதைச் சுமந்துகொண்டே போவேன் என்ற பொருளில் வரிகள் வரும். அப்புறம் வார்த்தைகள் நின்றுவிடும். மனிதக் குரலையே சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒரு கருவி போல வாசிப்பார்கள். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தொண்டை அடைத்தவன் வெறும் ஒலியாகப் பேசுகிற மாதிரி இருக்கும் அந்த இடம்.

அதே வருடம் அக்டோபரில் டோக்கியோவின் ஏ-1 பிக்சர்ஸ் நிறுவனம் செய்த ஆறு நிமிட அனிமேஷன் வந்தது. மூலக்கதை போர்ட்டருடையது. ரின் என்ற 17 வயதுப் பெண், கையில் ஒரு டேப்லெட், தான் வரைந்த கற்பனை உலகத்தில் தன்னந்தனியாக நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பூமி அழியப்போகிறது என்று தெரிந்த அப்பா, மகளை மட்டும் ஒரு விண்கலத்தில் அனுப்பிவைத்தது பிறகுதான் தெரியவரும். பாட்டுக்கு ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்பது அங்கே புரியும். இதைப் பார்த்த என் அக்கா, "மிக்ஸி" என்று சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டாள்.

"ஒரே பாட்டோட நிறுத்திட்டாங்களே, சண்டையா?"

சண்டையெல்லாம் இல்லை. 2016 செப்டம்பரில் இருவரும் சேர்ந்து சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். ஒருவருடைய பழைய பாட்டின் தாளத்தின்மேல் மற்றவருடைய மெட்டு ஏறும்படி எல்லாவற்றையும் பிரித்துப் பின்னி மேடையில் வாசித்தார்கள். 2017 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவோடு பயணம் முடிந்தது. அப்புறம் அவரவர் வேலை. போர்ட்டர் அதே வருடம் வெர்ச்சுவல் செல்ஃப் என்ற புனைபெயரில் பாட்டுகள் வெளியிட்டார். மேடியான் 2019இல் 'குட் ஃபெய்த்' தொகுப்பு போட்டார். நன்றாக ஓடுகிறது என்று இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என இழுக்காமல் விட்டதே எனக்குப் பெரிய நட்பாகத் தெரிகிறது.

"இவங்க ரெண்டு பேரு மட்டும்தானா? வேற நண்பர்களே கிடையாதா இந்த ஃபீல்டுல?"

இந்தத் துறையே பள்ளிக்கூடத்துச் சிநேகிதத்தில் முளைத்ததுதான் என்று சொல்லலாம். டெட்ராய்ட் நகரத்துக்கு வெளியே பெல்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒன்றாகப் படித்த கறுப்பினப் பையன்கள் மூவர், வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். ராத்திரி ரேடியோவில் எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற அறிவிப்பாளர் கிராஃப்ட்வெர்க்கையும் கறுப்பின ஃபங்க் பாட்டுகளையும் கலந்து போடுவார். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் 1980களில் செய்த பாட்டுக்குத்தான் டெக்னோ என்று பெயர். டெரிக் மே 1987இல் வெளியிட்ட 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' பாட்டின் பியானோ, மைக்கேல் ஜேம்ஸ் என்ற நண்பர் வாசித்துவைத்த ஒரு மெதுவான மெட்டு. அதை நறுக்கி வேகப்படுத்தினார். அந்தப் பாட்டில் பேஸ் வரிசையே கிடையாது. தரையே இல்லாமல் பறந்துகொண்டே இருக்கும்.

பாரிஸில் 1987இல் ஒரே பள்ளியில் சந்தித்த இரண்டு பையன்கள் பிறகு டாஃப்ட் பங்க் என்ற இசை ஜோடி ஆனார்கள், 2021 பிப்ரவரியில் பிரிந்தார்கள். ஃபோர் டெட் என்ற பெயரில் பாட்டுப் போடும் கியரன் ஹெப்டனும் மேலே சொன்ன பெரியலும் தென்மேற்கு லண்டனில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பெரியல் யாரென்று வெளியே தெரியாமல் இருந்த காலமே உண்டு. அப்படிப்பட்ட ஒளிவு மறைவான ஆள், 2009இல் ஃபோர் டெட்டோடு சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டார்.

சமீபத்தில் எனக்குப் பிடித்தது 2023 பிப்ரவரியில் நடந்தது. ஃபோர் டெட்டுக்கு 45 வயது, ஸ்க்ரில்லெக்ஸுக்கு 35, ஃப்ரெட் அகெய்னுக்கு 29. ஒருவர் நுணுக்கமான, அமைதியான பாட்டுக்காரர். ஒருவர் ராக் குழுவில் கத்திப் பாடிவிட்டு டப்ஸ்டெப்புக்கு வந்தவர். ஒருவர் நண்பர்கள் அனுப்பிய குரல் பதிவுகளைப் பாட்டாக்குகிறவர். மூவரும் சேர்ந்து நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் வாசிக்கப்போகிறோம் என்று சில நாளுக்கு முன்னால்தான் சொன்னார்கள். டிக்கெட் சில நிமிடத்தில் தீர்ந்தது. வீடியோவில் பார்த்தால், ஒருவர் போட்ட பாட்டுக்கு மற்ற இருவரும் பின்னால் நின்று சின்னப் பையன்கள் மாதிரி குதிக்கிறார்கள்.

"தனியா ரூம்ல உட்கார்ந்து செய்யற வேலைதானே? இதுக்கு நண்பன் எதுக்கு?"

தனியாகச் செய்கிற வேலை என்பதால்தான். நான்கு பேர் கொண்ட குழு என்றால், நீங்கள் தப்பாக வாசித்தவுடன் டிரம்ஸ்காரர் முகத்தைச் சுளிப்பார். இங்கே சுளிக்க ஆள் கிடையாது. எட்டு நொடித் துண்டு ஒன்றை ஒரு ராத்திரியில் இருநூறு தடவை கேட்பீர்கள். நூறைத் தாண்டியதும் காது மரத்துப்போகும். நேற்று அழவைத்த மெட்டு இன்று சைக்கிள் மணி மாதிரி இருக்கும். கெட்டுப்போனது மெட்டா, காதா என்று உங்களால் சொல்ல முடியாது. அப்போது இன்னொரு காது வேண்டும். அதுவும் பொய் சொல்லாத காது.

நான் அந்த 'தும்' செய்துகொண்டிருந்த நாட்களில், திருச்சியில் இருக்கும் ஒரு நண்பனுக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை அனுப்பினேன். 'சூப்பர்' என்று வரும் என எதிர்பார்த்தேன். காலையில் வந்த பதில்: "2:14ல என்னமோ நடக்குதுடா. அதை மட்டும் வச்சுக்க, மிச்சத்தை தூக்கிப் போடு." கோபம் வந்தது. போய்க் கேட்டால், 2:14இல் நான் தெரியாமல் ஒரு சுரத்தை மாற்றி வைத்திருக்கிறேன். மிச்சத்தைத் தூக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு உருப்படியாக ஒன்றும் வரவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பதிலை நான் அழிக்கவில்லை.

'வேர்ல்ட்ஸ்' வெற்றிக்குப் பிறகு போர்ட்டருக்கு வருடக்கணக்கில் பாட்டே வராமல், மன அழுத்தத்தில் கிடந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடுத்த தனித் தொகுப்பு 'நர்ச்சர்' வர 2021 ஆகிவிட்டது. 'ஷெல்ட்டர்' அந்த ஏழு வருட இடைவெளிக்குள் வந்தது. பதின்மூன்று பதினான்கு வயதிலிருந்து உங்கள் மோசமான பாட்டுகளை எல்லாம் கேட்ட ஒருவன் எதிரே உட்கார்ந்திருந்தால், அவனிடம் பெரிய ஆள் வேஷம் போட வேண்டியதில்லை. இது என் ஊகம்தான், ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

"எல்லாம் மார்க்கெட்டிங்தானே? நட்புன்னு சொன்னா ரெண்டு பேரோட ரசிகர்களும் வாங்குவாங்க."

நிறைய அப்படித்தான். ஒருவரை ஒருவர் பார்க்காமலே, மேனேஜர்கள் ஃபைல் பரிமாறி முடித்த 'கூட்டணி' பாட்டுகள் ஏராளம். கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. இருவரில் ஒருவருடைய பழக்கம் மட்டுமே பாட்டில் கேட்டால், மற்றவர் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். இருவரும் தனியாக இருந்தால் செய்யவே மாட்டாத ஒன்று அதில் இருந்தால் உண்மையாகவே ஒரே அறையில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இந்த வழி எப்போதும் சரியாக வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"சொந்தக் குரலையே மெஷின்ல மாத்திப் பாடறாங்களே, அது பொய் இல்லையா?"

வீணைக்கும் உணர்ச்சி இல்லை என்று மேலே சொன்னேன். குரலைக் கருவியாக்குவது அதற்கு அடுத்த படி. 'வேர்ல்ட்ஸ்' தொகுப்பில் 'சாட் மெஷின்' என்று ஒரு பாட்டு. அதில் பெண் குரல் மனிதக் குரலே இல்லை. வோகலாய்ட் என்ற மென்பொருளின் அவன்னா என்ற குரல். அதோடு சேர்ந்து பாடும் ஆண் குரல் போர்ட்டருடையது, அவர் தன் பாட்டில் முதன்முதலாக வாய் திறந்து பாடியது அதில்தான். கூச்சப்பட்ட ஒருவன், ஒரு மெஷினைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு பாட ஆரம்பித்திருக்கிறான்.

'நர்ச்சர்' தொகுப்பில் தன் குரலின் சுருதியை ஏற்றி, ஆண் பெண் என்று பிரிக்க முடியாத ஒரு குரலாக்கிப் பாடுகிறார். பொய்தான் என்றால், கூத்தில் போடும் வேஷமும் பொய்தான். வேஷம் கட்டியபின் அழுகிறவர் நிஜமாகத்தான் அழுகிறார்.

"செத்துப் போனவங்க பாட்டை நண்பர்கள் முடிச்சு வெளியிடறது சரியா? காசுக்காகத்தானே?"

கஷ்டமான கேள்வி. ஸ்வீடனின் எலக்ட்ரானிக் இசைக்காரர் அவிச்சி 2018 ஏப்ரல் 20 அன்று ஓமானில் இறந்தார், வயது 28. முடிக்காத பாட்டுகள் இருந்தன. அவரோடு உட்கார்ந்து அவற்றை எழுதிக்கொண்டிருந்த நண்பர்கள், அவர் விட்டுப்போன குறிப்புகள், மின்னஞ்சல்கள், குறுஞ்செய்திகளைப் பார்த்துப் பார்த்து முடித்தார்கள். 2019 ஜூனில் வந்த தொகுப்புக்கு 'டிம்' என்று அவருடைய நிஜப் பெயரையே வைத்தார்கள். வருமானம் அவர் பெயரில் பெற்றோர் தொடங்கிய, மனநலத்துக்காக வேலை செய்யும் அறக்கட்டளைக்குப் போனது. சோஃபி என்ற கலைஞர் 2021 ஜனவரியில் ஏதென்ஸில் விபத்தில் இறந்தார். அவருடைய கடைசித் தொகுப்பை, அவரோடு வேலை செய்துவந்த சகோதரர் முடித்து 2024இல் வெளியிட்டார்.

சரியா என்றால், யார் முடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பேன். "இந்த இடத்துல அவன் இதைத்தான் போட்டிருப்பான்" என்று சொல்ல, அவனோடு ராத்திரி விழித்தவனுக்குத்தான் தகுதி. அப்படியும் தப்பாகலாம். 'டிம்' தொகுப்பில் சில பாட்டுகளை என்னால் இன்னும் முழுசாகக் கேட்க முடியவில்லை. அது பாட்டின் குறையா, என் குறையா தெரியாது.

"இது போதைக் கும்பல் கேக்கற பாட்டுதானே?"

அந்தக் கூட்டங்களில் போதை இருந்தது, இருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை. நான் கேட்பது காலையில் காபியோடு.

"நம்ம காதுக்கு இதெல்லாம் ஏறுமா?"

ஏறி ரொம்ப நாளாகிறது. இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினி வைத்து இசை செய்தது 1986இல். பிறகு ரஹ்மான் வந்து சின்தசைசரை நம் வீட்டுச் சாமானாகவே ஆக்கிவிட்டார். உங்களுக்குப் பழக்கமில்லாதது சத்தம் இல்லை, பாடகர் இல்லாமல் ஐந்து நிமிடம் ஒரு பாட்டு போவதுதான்.

எதிர்த் திசையிலும் போயிருக்கிறது. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' தொகுப்பின் ஒரு பகுதியைச் சென்னையில் பதிவு செய்தார். அதில் உறுமி மேளம் உறுமுவதை நம் காது உடனே பிடித்துக்கொள்ளும். ஃபோர் டெட்டின் அம்மா வழி இந்திய வம்சாவளி. 2015இல் அவர் வெளியிட்ட 'மார்னிங்/ஈவினிங்' தொகுப்பில் லதா மங்கேஷ்கரின் குரல் இருபது நிமிடப் பாட்டுக்குள் வந்து வந்து போகும். யாரோ பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்கிற தூரத்தில்.

"இப்பதான் ஏஐ நிமிஷத்துல பாட்டு போட்டுத் தருதே. மெஷின்தான் பாடுதுன்னா, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அக்கா பையன் கேட்டது, என்னை மடக்கிவிட்டதாகச் சிரித்தான். மெஷினுக்கு உணர்ச்சி வேண்டாம், மனிதன் கையில் இருந்தால் போதும் என்று நானே சொல்லிவிட்டேன் அல்லவா. கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்கவைத்தால் எனக்கும் எல்லா நேரமும் வித்தியாசம் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் டிபி-303 கதையைத் திரும்பப் பாருங்கள். அந்தப் பெட்டிக்குக் கொடுத்த வேலை ஒன்று, பையன்கள் திருகி வாங்கிய சத்தம் வேறு. கேட்டதைச் சரியாகத் தரும் மெஷினிடமிருந்து அது வந்திருக்காது. அப்புறம், நிமிடத்தில் வந்த பாட்டை நீ யாருக்காவது ராத்திரி ஒன்றரை மணிக்கு அனுப்பிவிட்டு, என்ன சொல்வானோ என்று தூங்காமல் கிடந்தாயா என்று அவனைக் கேட்டேன். "அதுக்கு எதுக்கு மாமா தூங்காம இருக்கணும்?" என்றான். இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

"சரி, எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் அடியில் ஓடும் பேஸ் சத்தம் வரவே வராது, பாதிப் பாட்டு காணாமல் போய்விடும். விலை அதிகமான ஹெட்போனும் வேண்டாம், காதை மூடுகிற மாதிரி ஒன்று இருந்தால் போதும். முதலில் 'ஷெல்ட்டர்' அனிமேஷனைப் பாருங்கள். பிறகு ராத்திரிப் பயணத்தில், ஜன்னல் ஓர சீட்டில், பெரியலின் 'அன்ட்ரூ'. மூன்றாவதாக 'நர்ச்சர்', காலையில். 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' சமையல் செய்யும்போது நன்றாக இருக்கும், வெங்காயம் நறுக்கும் வேகம் கூடிவிடும். பிடிக்காவிட்டால் பரவாயில்லை, எனக்குச் சொல்லுங்கள். எந்த நிமிடத்தில் பிடிக்காமல் போனது என்று சொன்னால் இன்னும் நல்லது.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா?"

அம்மா கேட்டது. குறைத்துவிட்டேன்.